வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது? நெல், பயறு விதைக் கேள்வி பதில்

மழைக்கு முன் எந்த விதை எடுப்பது என்று மியான்மரின் பெகு, தட்டோன், லபுட்டா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். நெல்லும் பயறும் என் வேலை. அதற்கு விரிவாகவே எழுதுகிறேன். மற்றவற்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

பெகு, ஒரு தம்பி: நட்டு மூன்று வாரத்தில் பயிர் முழுகிவிட்டது. பத்து நாளில் தண்ணீர் வடிந்தபோது எல்லாம் அழுகிக் கிடந்தது. முழுகினாலும் சாகாத நெல் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. உங்கள் வயலுக்குப் பொருந்தவும் செய்யும். முதலில் பயிர் ஏன் செத்தது என்று பாருங்கள். சாதாரண நெல் தண்ணீருக்குள் போனதும் மேலே எட்டிப் பார்க்க அவசரமாக நீளும். தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்து எல்லாம் அதில் தீர்ந்துபோகும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். ஒடிசாவில் எஃப்.ஆர்.13ஏ என்று ஒரு பழைய நெல் உண்டு. அது முழுகினால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும், தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தில் புதுக்குருத்து விடும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவை 2006இல் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அதை ஸ்வர்ணா போன்ற நல்ல மகசூல் நெல்லில் சேர்த்ததுதான் சப்-1 ரகங்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் முழுகினாலும் தாங்கும்.

ஆனால் மூன்று விஷயம் கவனியுங்கள். விதைத்து முளைக்கும் முன்பே வெள்ளம் வந்தால் சப்-1 காப்பாற்றாது, அதற்கு வேறு குணம் வேண்டும். தண்ணீர் கலங்கி மண்டியாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, தாங்கும் நாள் குறையும். தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியா வீசாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, புது இலை வந்த பிறகு போடுங்கள்.

ஞாங்லேபின், ஓர் ஐயா: எங்கள் வயலில் ஆகஸ்டில் ஏறும் தண்ணீர் அக்டோபர் வரை இடுப்பளவு நிற்கும். நானும் அந்தச் சப்-1 எடுக்கட்டுமா?

வேண்டாம் ஐயா. நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதைத்தான்: வெள்ளத்துக்கு விதை கேட்பதற்கு முன் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் வடிகிற வெள்ளத்துக்குச் சும்மா இருக்கிற நெல் வேண்டும். மாதக்கணக்கில் நிற்கிற தண்ணீருக்கு அதற்கு நேர்மாறாக, தண்ணீரோடு போட்டி போட்டு வளர்கிற நெல் வேண்டும். ஆழநீர் நெல் சாதகமான நிலையில் ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். உங்கள் வயலில் சப்-1 போட்டால் சும்மா இருந்தே செத்துப்போகும். பக்கத்து ஊர்களில் பழைய ஆழநீர் நெல் யாரிடமாவது இருக்கும், அதைத் தேடுங்கள். மகசூல் குறைவுதான், ஆனால் அறுக்க ஏதாவது இருக்கும்.

தட்டோன், ஓர் அண்ணன்: சப்-1 எல்லாம் மரபணு மாற்றிய கம்பெனி விதை. நம் தாத்தா காலத்து நாட்டு நெல் எதற்கும் சாகாது. நீங்களே இப்படிச் சொல்லிக் கொடுக்கலாமா?

அண்ணே, சப்-1 மரபணு மாற்றிய பயிர் இல்லை. நெல்லோடு நெல்லைக் கலந்து, எந்தக் கன்றில் அந்தக் குணம் வந்திருக்கிறது என்று மரபணுக் குறியீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குணமே ஒடிசா விவசாயிகள் கைவிடாமல் வைத்திருந்த நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லையே ஏன் போடவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். அதன் மகசூல் குறைவு, அரிசியும் அவ்வளவு நன்றாக இருக்காது.

லபுட்டா, ஓர் அக்கா: அண்ணன் பேசுவதைக் கேட்டால் கோபம் வருகிறது. நர்கீஸ் புயலில் எங்கள் நெல் குதிரே கடலோடு போனது. அதில் இருந்தது எல்லாம் நாட்டு நெல்தான். எது காப்பாற்றியது?

தட்டோன் அண்ணன் மறுபடி: அப்புறம் வெளியூரிலிருந்து வந்த விதை உங்கள் மண்ணில் நின்றதா? ஊர் விதைதானே வேண்டியிருந்தது?

லபுட்டா அக்கா: நிற்கவில்லை. பாதி முளைக்கவே இல்லை. ஊர் விதை வேண்டும்தான், ஆனால் அது எங்கே இருந்தது?

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இன்றைக்குப் பேச வேண்டியதே இதுதான். 2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் ஐராவதி டெல்டாவில் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர். வயலில் உப்பு, உழுவதற்கு எருமை இல்லை, விதைப்பு தொடங்க வேண்டிய நேரத்தில் வீட்டில் விதை இல்லை. அக்கா சொல்வது சரி: ஒரே வீட்டில், ஒரே ஊரில் இருக்கிற விதை பாதுகாப்பான விதை இல்லை. அண்ணன் சொல்வதும் சரி: அந்த மண்ணையும் அந்த உப்பையும் பல தலைமுறை பார்த்த விதைக்கு ஈடாக வேறு எதையும் அவசரத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது.

அண்ணனிடம் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாத்தா காலம் என்றால் எந்தக் காலம்? 1852க்குப் பிறகு ஆங்கிலேயர் கீழ்பர்மாவை நெல் ஏற்றுமதிக்காகவே திருத்தினார்கள். நம் ஆட்கள் கூலியாக வந்தது அந்த வயல்களுக்குத்தான், செட்டியார்கள் கடன் கொடுத்ததும் அந்த நெல்லை நம்பித்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி கப்பல் ஏறியது. ஆலைக்காரர்களுக்கு ஒரே அளவு மணி வேண்டும், அதனால் சந்தைக்கு ஏற்ற நெல்லே பரவியது. 1930களில் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத நிலமெல்லாம் கைமாறி, முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரே பயிரை, ஒரே சந்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் குடும்பக் கதையே போதும்.

பழைய விதையை ஏன் விடக்கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம். பிலிப்பைன்ஸ் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், புல்தழைக் குட்டை நோய்க்கு எதிர்ப்பு தேடி 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்தது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். அந்தக் காட்டுப் புல்லின் குணம்தான் பிறகு ஐ.ஆர்.36 என்ற நெல் ரகத்துக்குள் போய் ஆசியா முழுக்க வயல்களைக் காப்பாற்றியது. இன்றைக்கு அந்த நிலையத்தின் விதை வங்கியில் 1,30,000க்கு மேல் மாதிரிகள் இருக்கின்றன. நம் நாட்டிலும் யேசினில் 1990இல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய விதை வங்கி இருக்கிறது. அண்ணே, உங்கள் நெல்லை நீங்கள் போடுங்கள். அதில் கொஞ்சம் அங்கே போய்ச் சேர வழி பாருங்கள், கொஞ்சம் மேட்டு ஊர்ச் சம்பந்தி வீட்டிலும் இருக்கட்டும். கொடுக்கும்போது ஊர்ப் பெயர், தண்ணீர் ஆழம், எந்த மாதம் பூக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். அந்தக் காகிதம் இல்லாத விதையை யாருக்கும் பயன்படுத்தத் தெரியாது.

அக்காவுக்கு உப்பு பற்றி: நெல் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். முதல் மழைத் தண்ணீரை வயலில் கட்டி, வடித்து, மறுபடி கட்டிய பிறகு நடுங்கள். இளநாற்று வேண்டாம், ஒரு மாதம் தாண்டிய நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். உப்பு தாங்கும் புது ரகங்கள் பலவற்றுக்குக் கேரளத்துக் கடலோரப் பொக்காளி நெல்தான் மூலம். அதுவும் நாட்டு நெல்தான்.

மோல்மீன், ஒரு தம்பி: ரப்பர் இலை கொட்டுகிறது, என்ன மருந்து?

ரப்பர் எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்திலேயே தோட்டக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

பசீன், ஒரு தம்பி: பவ்சான் நெல்லுக்கு நல்ல விலை. அதையே கோடையிலும் போடலாமா?

கூடாது. பவ்சான் 2011இல் ஹோ சி மின் நகர மாநாட்டில் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது, விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் பகல் குறைந்தால்தான் அது பூக்கும். கோடையில் பகல் நீண்டுகொண்டே போகும், வெறும் தழையாக நிற்கும். மழைக்காலத்தில் அதே குணம்தான் உங்களுக்குப் பலம்: மழை பிந்தி நடவு தள்ளிப்போனாலும் பூக்கும் நேரம் பெரிதாக மாறாது.

பெகு, வேறொருவர்: வெள்ளத்துக்கு நல்ல விதை ஒன்று சொல்லுங்கள் சயா (ஆசிரியரே).

எத்தனை நாள் வெள்ளம்? மேலே இரண்டு பதில் இருக்கிறது.

பெகு, இன்னொருவர்: எது போட்டால் நல்ல மகசூல்?

வயலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் கேட்டால் பதில் இல்லை. மேடா பள்ளமா, தண்ணீர் எத்தனை நாள், உப்பு உண்டா. இதை எழுதி அனுப்புங்கள்.

தங்கு, ஓர் அண்ணன்: நெல் அறுத்ததும் எல்லா ஏக்கரிலும் உளுந்துதான். இலை மஞ்சளாகிறது. மருந்து?

மஞ்சள் தேமல் நச்சுயிரி அது, வெள்ளை ஈ பரப்புகிறது. மஞ்சளான செடி எந்த மருந்துக்கும் பச்சையாகாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி எடுங்கள், தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள், பருவம் முடிந்ததும் வரப்போரத்தில் தானாக முளைத்த உளுந்தையும் விடாதீர்கள்.

ஆனால் எனக்கு நோயைவிட "எல்லா ஏக்கரிலும்" என்று எழுதினீர்களே, அதுதான் கவலை. நம் மட்பேயை, அதாவது உளுந்தை, வாங்குவது பெரும்பாலும் இந்தியா. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் துவரைக்கும் இறக்குமதி வரம்பு போட்டதும் இங்கே விலை சரிந்தது. 2021இல் மறுபடி திறந்தார்கள். துவரையும் இதே கதைதான், உள்ளூரில் அதைச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. ஒரு பங்கு பாசிப்பயறு போடுங்கள், அதற்குச் சீனாவும் வாங்கும். மண் இடம் கொடுத்தால் கொஞ்சம் கொண்டைக்கடலை, அது இங்கேயே விலைபோகும்.

பெகு, ஒரு தங்கை: அப்பா விதை வைத்துப் போட்டு வந்தார். இப்போது நான்தான் பார்க்கிறேன். வீட்டு விதை நல்லதா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி அம்மா. ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். புது முட்டை ஒன்றைப் போட்டால் ஒரு காசு அளவு மேலே தெரிந்து மிதக்க வேண்டும், அதுவரை உப்பு சேருங்கள். அதில் விதை நெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். மிதப்பதெல்லாம் பதர், பாதி முற்றிய மணி, நோய் பிடித்தது, அள்ளி எடுத்துவிடுங்கள். அடியில் நிற்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். பிறகு 100 மணியை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் 80க்கு மேல் முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். 60, 70 என்றால் விதையைக் கூட்டிப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேட இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும், அதனால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யுங்கள்.

அடுத்த அறுவடையில் எடுத்து வைக்கும் விதையை, பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவிட்டு, காற்றுப் புகாத டின்னில் மூடுங்கள். விதையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பாதியை அத்தை வீட்டில் வையுங்கள்.