பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயத்தின் தரத்தை எப்படிக் கணிப்பது?

1889-ஆம் ஆண்டு விக்டோரியா ராணியின் கிரவுன் (ஐந்து ஷில்லிங் வெள்ளி நாணயம்) ஒன்றை ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தரப் பெயர்களில் ஏமாறாதீர்கள். ‘ஃபைன்’ என்றால் நன்றாகவே தேய்ந்த நாணயம். அடுத்து ‘வெரி ஃபைன்’, அதற்கும் மேலே ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, உச்சியில் புழங்காத நாணயம்.

தேய்மானம் மேடான இடத்தில்தான் தொடங்கும். ராணியின் புருவம், கன்னம், காதருகே உள்ள கூந்தல் ஆகியவற்றை லென்ஸில் பாருங்கள். முடி இழை இழையாகத் தெரிய வேண்டும். பின்பக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ் இருப்பார். அவர் தொடையும் குதிரையின் மார்பும் மொழுமொழுவென்று இருந்தால் அது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் இல்லை.

அப்புறம், ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு சக்கரம் போலச் சுற்றி வரும். தேய்ந்த இடத்தில் அது செத்துப்போய் மங்கலாக நிற்கும். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து நாணயங்கள் பலவற்றில் அச்சே சரியாக விழுந்திருக்காது. அங்கே விவரம் குறைந்தாலும் மினுமினுப்பு இருந்தால் அது தேய்மானம் அல்ல.

பளபளவென்று இருக்கிறதா? அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடினால் யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். விலை பெரிதும் இறங்கும். கருமை படிந்திருந்தால் தயவுசெய்து அப்படியே விடுங்கள். எடையும் பாருங்கள், கிரவுன் சுமார் 28.28 கிராம் இருக்க வேண்டும்.