வாசகர் கேள்வி பதில்: 88-வது இடத்தோட நின்னுபோன பாட்டு

கேள்வி: அண்ணே, எங்கப்பா சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில ட்ரெஸரா இருந்தவரு. அவரு சேத்து வச்ச சின்ன இசைத்தட்டுங்க ஒரு பெட்டி நிறைய கெடச்சுச்சு. அதுல ஐக் அண்ட் டீனா டர்னர் பாடுன "ரிவர் டீப், மவுண்டன் ஹை"ன்னு ஒண்ணு, கேட்டா ஒடம்பே சிலிர்க்குது. ஆனா அமெரிக்காவுல இது ஓடவே இல்லன்னு கூட்டாளி ஒருத்தன் அடிச்சு சொல்றான். நெசமாவா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நெசந்தான் தம்பி. 1966-ல வந்த பாட்டு, அமெரிக்காவோட வாராந்திர பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல 88-வது இடத்துக்கு வந்துச்சு, அவ்ளோதான், அதுக்கு மேல ஏறல. அதே வருஷம் அதே பாட்டு இங்கிலாந்துல 3-வது இடம்! மொதல்ல உங்கப்பா தட்டோட நடுவுல இருக்கற லேபிள பாருங்க, ஃபிலீஸ்னு இருந்தா அமெரிக்காவுல போட்டது, லண்டன்னு இருந்தா இங்கிலாந்துல போட்டது. அப்ப நம்ம நாட்டுக்கு இங்கிலீஷ் தட்டுங்க நிறைய இங்கிலாந்து வழியாத்தான் வரும், அதனால உங்கப்பாவ பொறுத்தவரைக்கும் இது நல்லா ஓடுன பாட்டாவே இருந்திருக்கும்.

இந்தப் பாட்ட எடுத்தது ஃபில் ஸ்பெக்டர்னு ஒரு தயாரிப்பாளர், லாஸ் ஏஞ்சலஸ்ல கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவுல ஒரே ரூம்ல கித்தார், பியானோ, டிரம், ஊதுகுழல்னு ஒரு கூட்டத்தையே ஒக்கார வச்சு எல்லாத்தையும் ஒண்ணா வாசிக்க விட்டு, அந்த சத்தத்த எக்கோ ரூமுக்குள்ள விட்டு திரும்ப எடுப்பாரு. கேக்கறப்ப எந்த வாத்தியம் எங்கருந்து வருதுன்னே பிரிக்க முடியாது, ஒரே அலையா வந்து அடிக்கும். சாதாரண பாடகர் யாரா இருந்தாலும் அதுல மூழ்கிப் போயிருப்பாங்க, டீனா மூழ்கல, மூணாவது வரியிலயே மேல வந்துடறாங்க, கடைசி ஒரு நிமிஷம் ஹெட்ஃபோன்ல கேளுங்க, தொண்டை கிழியற எடத்துக்கு வந்தும் சுருதி நகரல. இன்னொண்ணு, தட்டுல டீனாவோட அப்பத்த புருஷன் ஐக் பேரு இருக்கே தவிர பாட்டுல அவரு இல்ல, பதிவு நடக்கறப்ப பக்கத்துலயே வரக்கூடாதுன்னு சொல்லித்தான் ஸ்பெக்டர் காசு குடுத்தாரு.

அப்ப ஏன் ஓடல? கறுப்பர் ரேடியோக்காரங்களுக்கு இது வெள்ளக்காரங்க பாப் மாதிரி பட்டுச்சு, வெள்ளக்காரங்க ரேடியோவுக்கு இது கறுப்பர் பாட்டா பட்டுச்சு, ரெண்டு பக்கமும் தட்ட சுத்த விடல. டர்னர் தரப்புல பல தடவ சொன்ன காரணம் இதுதான், எனக்கும் இதுதான் சரின்னு படுது. ஸ்பெக்டர் மனசு ஒடஞ்சு கொஞ்ச காலம் தொழில விட்டே ஒதுங்கிட்டாரு. அந்த ஆளு பின்னாடி கொலைக் குத்தத்துல உள்ள போயி 2021-ல கைதியாவே செத்தாரு, அவர தூக்கி வச்சு பேச எனக்கு மனசு வராது. இந்தப் பாட்டு டீனாவோடது, அப்படித்தான் நான் கேக்கறேன்.

தட்டுங்கள படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க, நிறுத்தி வைங்க. நம்ம ஊரு வெக்கைக்கு வளைஞ்சுடும், ஈரத்துக்கு பூசணம் புடிக்கும். ஓட்டறதுக்கு முன்ன மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால தூசிய தட்டிட்டு ஓட்டுங்க.

கேள்வி: டாப் 10-க்குள்ள வரலன்னா ஜனங்களுக்கு புடிக்கலன்னுதானே அர்த்தம்? புடிச்சா வாங்கியிருப்பாங்களே?
– ஒரு மாணவர், பீடோர்

பதில்: வாங்கறதுக்கு கடையில தட்டு இருக்கணுமே தம்பி! ஹாட் 100 பட்டியல் 1958-ல ஆரம்பிச்சது, அப்பல்லாம் கடை விற்பனையையும் ரேடியோவுல போடறதையும் சேத்துப் பாத்துதான் எடம் குடுத்தாங்க. 1998 கடைசி வரைக்கும் ஒரு விதி இருந்துச்சு, சிங்கிளா, அதாவது ஒத்தப் பாட்டுத் தட்டா, தனியா கடைக்கு வராத பாட்டு பட்டியலுக்குள்ளயே வர முடியாது. நோ டவுட் குழுவோட "டோன்ட் ஸ்பீக்" 16 வாரம் ரேடியோ பட்டியல்ல மொத எடத்துல இருந்துச்சு, சிங்கிளா விக்கல, அதனால ஹாட் 100-ல அதுக்கு எடமே கெடைக்கல. நட்டாலி இம்ப்ரூலியாவோட "டோர்ன்" 11 வாரம் ரேடியோவுல மொத எடம், விதி மாறுனப்ப அலை ஓஞ்சு போச்சு, ஹாட் 100-ல 42-தான் கெடச்சுது. இதுக்கும் ஜனங்களோட ரசனைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

அதவிட எனக்கு வயித்தெரிச்சல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோட "வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்". 1967-ல பாடுனாரு, கம்பெனித் தலைவருக்கு பாட்டு புடிக்கல, வெளம்பரம் பண்ணல, அமெரிக்காவுல அப்ப 1,000 தட்டு கூட விக்கல. அடுத்த வருஷம் இங்கிலாந்துல நம்பர் ஒன். அமெரிக்காக்காரன் காதுக்கு இது ஒழுங்கா போய்ச் சேர்ந்தது 1987-ல "குட் மார்னிங் வியட்நாம்" படத்துல வந்த பொறவுதான், அப்ப 32-வது எடம். ஆம்ஸ்ட்ராங் 1971-லயே காலமாயிட்டாரு, அந்த மனுசனுக்கு இதப் பாக்கக் குடுத்து வைக்கல.

கேள்வி: பாடகர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் மெட்ராஸ்ல பொறந்தவருன்னு சொல்றாங்களே ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கூலிம்

பதில்: ஆமாங்க சார், 1936-ல மெட்ராஸ்லதான் பொறந்தாரு, அப்பா பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்தவரு. 1967-ல அவரோட "ரிலீஸ் மீ" இங்கிலாந்துல மொத எடத்த விடாம புடிச்சுக்கிட்டதுல பீட்டில்ஸோட "ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்", "பென்னி லேன்" ரெண்டும் இருந்த தட்டு 2-வதா நின்னுச்சு. ரெண்டையும் இன்னிக்கு பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டா எது பெருசுன்னு உங்களுக்கே தெரியும், நம்மூர்ல பொறந்தவருங்கறதுக்காக நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணா, நாங்க நாலு பேரு சேந்து கல்யாண டின்னர்ல வாசிக்கறோம். எல்லாரும் வாசிக்கற பாட்டே அலுத்துப் போச்சு. கித்தாருக்கு நல்லதா, அதிகம் ஓடாததா சொல்லுங்களேன்.
– கித்தார் தம்பி, குளுவாங்

பதில்: மொதல்ல பிக் ஸ்டாரோட "செப்டம்பர் கேர்ல்ஸ்", 1974. மூணு நிமிஷம் கூட இல்ல. ஆரம்பத்துல கித்தார் மட்டும் மணி அடிக்கற மாதிரி கணீர்னு வரும் பாருங்க, அந்த நாலு நொடியிலயே நான் விழுந்துட்டேன். பாடுனது அலெக்ஸ் சில்டன். 1967-ல பதினாறு வயசுல பாக்ஸ் டாப்ஸ் குழுவுல "த லெட்டர்" பாடி அமெரிக்காவுல நம்பர் ஒன் வாங்குன அதே பையன், இந்தப் பாட்டுக்கு பட்டியல்ல எடமே இல்ல. மெம்ஃபிஸ்ல சின்ன தட்டுக் கம்பெனி, தட்ட கடைக்குக் கொண்டு போக வேண்டிய பெரிய கம்பெனிக்கும் இவங்களுக்கும் ஒத்துப் போகல, ஜனங்க தேடிப் போனாலும் கடையில கெடைக்கல. நல்லா எழுதி நல்லா பாடி நல்லா பதிவும் பண்ணி முடிச்ச ஒரு வேலை லாரி ஏறாமயே போனதுன்னு நெனைக்கறப்ப எனக்கு இப்பவும் ஆறல.

அடுத்து லிவர்பூல்ல இருந்து த லாஸ், "தேர் ஷி கோஸ்". 1988-ல போட்டப்ப இங்கிலாந்துல 59, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி போட்டப்ப 13. இதுல சரணம்னு ஒண்ணு கெடையாது, பல்லவிய திருப்பித் திருப்பி பாடிட்டு நடுவுல ஒரே ஒரு எடத்துல மட்டும் வேற பக்கம் போய்ட்டு வருவாங்க. மேல் கம்பியில வர்ற அந்த கித்தார் பிட்டு சுத்தமா விழுந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது, ஆனா பாடறவன் குரல் ஒயரம் போகணும், இல்லன்னா கீய எறக்கிக்குங்க.

அண்டர்டோன்ஸோட "டீனேஜ் கிக்ஸ்" (1978) மூணாவது. இங்கிலாந்துல 31-வது எடம்தான் வந்துச்சு, அதுவும் பிபிசி ரேடியோ 1-ல ஜான் பீல்னு ஒருத்தர் இதக் கேட்டு தாங்க முடியாம ஒரே நிகழ்ச்சியில அடுத்தடுத்து ரெண்டு தடவ போட்டதாலதான். அவரு கல்லறையில பொறிச்சிருக்கறதும் இந்தப் பாட்டு வரிதான். மூணே பேரு இருந்தாலும் வாசிக்கலாம், வேகம் மட்டும் கொறைய விடாதீங்க.

கேள்வி: நல்லா இருந்தும் பெருசா ஓடாத பாட்டுங்கள பாடுனவங்கள்ல தமிழ்ப் பொண்ணு யாரும் இல்லையா அண்ணே?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏன் இல்ல தங்கச்சி, மாதங்கி அருள்பிரகாசம் இருக்காங்களே, எம்.ஐ.ஏ. லண்டன்ல பொறந்து, சின்ன வயசுல இலங்கையில வளந்து, அகதியா திரும்பவும் லண்டனுக்கே போனவங்க. எல்லாருக்கும் தெரிஞ்சது "பேப்பர் பிளேன்ஸ்", 2008-ல ஹாட் 100-ல 4-வது எடம் வரைக்கும் போச்சு. ஆனா அதுக்கு முன்ன வந்த "சன்ஷவர்ஸ்" (2004) இங்கிலாந்துல 93-தான், "கலாங்" 77. என் காதுக்கு இந்த ரெண்டும் "பேப்பர் பிளேன்ஸ்"ஸுக்கு கொறஞ்சதே இல்ல, "கலாங்" கடைசியில வார்த்தையே இல்லாம ஒரு கூவல் வரும், அங்க சவுண்ட ஏத்தி வைங்க. அப்படியே 2006-ல வந்த "பேர்ட் ஃப்ளூ"வையும் தேடிப் பாருங்க, அதுவும் பெரிய ஹிட் கெடையாது, ஆனா அதுல அடிக்கறது உறுமி. தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கற பசங்க உங்க பக்கத்துல யாராச்சும் இருந்தா அவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க, அந்தத் தாளத்த அவங்கதான் நம்மளவிட நல்லா புடிப்பாங்க, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதிப் போடுங்க.