கடும் காயத்துக்குப் பிறகு கார் பந்தய ஓட்டுநர்கள் களத்துக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: விபத்தில் உயிர் தப்பிய கார் பந்தய ஓட்டுநர்கள் மீண்டும் அதே வேகத்தில் ஓட்டுவது எப்படி? அது வெறும் துணிச்சலா, அல்லது உடல் உண்மையிலேயே பழைய நிலைக்கு வந்துவிடுகிறதா?

பதில்:

இரண்டில் எதையும் முழு விடையாக என்னால் ஏற்க முடியவில்லை. கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் பள்ளி நாட்களிலிருந்தே பார்த்து வருகிறேன். நான் கவனித்த வரையில், கடும் காயமடைந்த ஓட்டுநர்களில் பலருக்கு உடல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எது திரும்பவில்லை என்பதைத் தமக்குத் தாமே பொய் சொல்லிக்கொள்ளாமல் அளந்து, ஓட்டும் முறையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டவர்களே திரும்பி வந்து நிலைத்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் பெயர் ஆஸ்திரிய ஓட்டுநர் நிக்கி லவுடா. 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவருடைய ஃபெராரி மோதித் தீப்பற்றியது. ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தடம் அது. ஆகவே, எரியும் காரிலிருந்து அவரை வெளியே இழுத்தவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்த சக ஓட்டுநர்கள்தாம். முகத்திலும் தலையிலும் இருந்த தீக்காயங்கள் வெளியே தெரிந்தன என்றாலும், அவரைச் சாவின் விளிம்பு வரை கொண்டுசென்றது நுரையீரலுக்குள் போன நச்சுப் புகை. மருத்துவமனையில் பாதிரியார், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இறுதி ஆசீர்வாதத்தையே அளித்துவிட்டார். அப்படிப்பட்டவர் ஆறே வாரங்களில், செப்டம்பர் 12 அன்று, இத்தாலியின் மோன்சாவில் நான்காம் இடம் பிடித்தார். அதற்குள் ஃபெராரி அணி அவருக்குப் பதிலாகக் கார்லோஸ் ராய்ட்டெமன் என்ற ஓட்டுநரை அழைத்து வந்திருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காயம் ஆறும் வரை இருக்கை காலியாகக் காத்திருப்பது இந்தத் தொழிலில் அரிது. ஓட்டுநர்கள் அவசரப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வழக்கமாகக் கதை இந்த இடத்தில் நின்று, துணிச்சல் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஆனால் மோன்சாவில் முதல் நாள் பயிற்சியின்போது பயத்தால் உடலே விறைத்துப்போனதாக லவுடா பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நிதானமாக ஓட்டத் தொடங்கியபோது வேகம் தானாக வந்தது. பந்தயம் தொடங்கும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்றில் ஃபெராரி ஓட்டுநர்கள் மூவரில் அவரே முன்னால் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஜப்பானின் ஃபுஜி தடத்தில் கொட்டும் மழையில் நடந்த கடைசிப் பந்தயத்தில், இரண்டே சுற்றுகளுக்குப் பின் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். எஞ்சின் கோளாறு என்று அறிவித்துவிடலாம் என அணியினர் முன்வந்தபோதும் அதை மறுத்தார். உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 69-க்கு 68 என்று, ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. மோன்சாவைவிட ஃபுஜியையே நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த ஆண்டே அவர் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். 1984-இல் இன்னொரு முறையும் ஆனார்.

இதற்கு நேர் எதிரான கதை பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுடையது. 1962 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் மோதி, ஏறத்தாழ ஒரு மாதம் நினைவின்றிக் கிடந்தார்; உடலின் இடப்பக்கம் பல மாதங்கள் செயலிழந்திருந்தது. மறு ஆண்டு மே மாதம் அதே குட்வுட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். மோசமாக ஓட்டிவிடவில்லை. ஆனால், முன்பெல்லாம் யோசிக்காமலே கைகால்கள் செய்துவந்த வேலையை ஒவ்வொன்றாக யோசித்துச் செய்ய வேண்டியிருந்ததை உணர்ந்தார். அன்றைக்கே முழுநேரப் பந்தய வாழ்க்கையிலிருந்து விலகினார். இன்னும் கொஞ்சம் காத்திருந்து முடிவெடுத்திருக்கலாம் என்று பின்னாளில் வருந்தினார். தலையில் அடிபட்டவர்களின் நிலையை எலும்பு முறிவைப் போல எக்ஸ்ரே எடுத்துச் சொல்லிவிட முடியாது என்பதால், இந்த வருத்தத்தை என்னால் நன்றாகவே புரிந்துகொள்ள முடிகிறது.

என் தொழில் காரணமாக நான் அதிகம் ஆராய்ந்து பார்த்தது போலந்து நாட்டு ஓட்டுநர் ராபர்ட் குபிட்சாவின் கையைத்தான். 2011 பிப்ரவரி தொடக்கத்தில் நடந்த ஃபார்முலா ஒன் சோதனை ஓட்டத்தில் ரெனோ அணிக்காக மிக வேகமான நேரத்தைப் பதிவு செய்தவர், சில நாட்களிலேயே, பிப்ரவரி 6 அன்று, இத்தாலியில் ஒரு சிறிய ராலி பந்தயத்தில் (சாதாரணச் சாலைகளில் நடக்கும் பந்தயம்) கலந்துகொண்டார். சாலையோரத் தடுப்புக் கம்பி காரின் முன்புறம் நுழைந்து உள்ளே பாய்ந்தது. வலது முன்கை பாதி துண்டிக்கப்பட்ட நிலையில் இருந்தது. பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகே கையைக் காப்பாற்ற முடிந்தது.

கையைக் காப்பாற்றுவது ஒன்று; அது பழையபடி வேலை செய்வது வேறொன்று. அறுந்து தைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கிறது. முழங்கைக்கு அருகில் பட்ட காயமென்றால் விரல்களை எட்டுவதற்கு ஓராண்டுக்குமேல் ஆகலாம். அதற்குள் நரம்பின் கட்டளை கிடைக்காத தசைகள் மெலிந்துவிடும். அதோடு, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும் முன்கை அசைவு ஒரு முறை குறைந்துவிட்டால், அதை முழுமையாக மீட்பது மிகக் கடினம். அந்த அசைவு இல்லாதவர்கள் தோள்பட்டையையும் முழங்கையையும் வெளியே தூக்கி ஈடுகட்டுவார்கள். எங்களிடம் வருபவர்கள் கதவுச் சாவியைத் திருப்பும்போதே இதைப் பார்க்கலாம்.

குபிட்சாவின் பாதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் தருக்கம் விளங்கும். ராலி காருக்குள் முழங்கையை வீசுவதற்கு இடம் உண்டு; ஃபார்முலா ஒன் காரில் ஓட்டுநர் அமரும் குறுகிய காக்பிட்டுக்குள் கிடையாது. ஆகவே அவர் முதலில் ராலிக்குப் போனார். 2013-இல் உலக ராலி போட்டியின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி-2 பட்டத்தையும் வென்றார். 2017 ஆகஸ்டில் ஹங்கேரியில் ரெனோ அணி அவருக்குச் சோதனை ஓட்டம் அளித்தபோது, ஒரே நாளில் 142 சுற்றுகள் ஓட்டிக் காட்டினார். பிறர் உதவியின்றி, ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டுச் சில நொடிகளுக்குள் காரிலிருந்து வெளியேறிக் காட்டினால்தான் ஃபார்முலா ஒன்னில் ஓட்ட முடியும் என்ற விதியும் இருக்கிறது. தீப்பற்றினால் தப்ப வேண்டுமே. வலுவிழந்த கையை வைத்துக்கொண்டு அதையும் அவர் கடந்தார். 2019-இல் வில்லியம்ஸ் அணி அவருக்கு இருக்கை தந்தபோது, கியர் மாற்றும் வேலையை இடது கையே பார்க்கும்படி ஸ்டீயரிங் மாற்றி அமைக்கப்பட்டது.

அந்த ஆண்டை வெற்றிக்கதையாக எழுத முடியாது. தகுதிச்சுற்றுகளில் சக அணி வீரர் ஜார்ஜ் ரஸ்ஸல் 21-க்கு 21 அவரை முந்தினார். வேடிக்கை என்னவென்றால், அணி அந்த ஆண்டு பெற்ற ஒரே புள்ளி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் குபிட்சாவின் மூலம் வந்தது; அதுவும் முன்னால் முடித்த இரண்டு கார்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பிறகு. ஒற்றைச் சுற்றில் உச்ச வேகத்தை எடுப்பதற்குத் தேவைப்பட்ட ஏதோ ஒரு நுண்மை அவரிடம் மீளவில்லை என்றே நினைக்கிறேன். பல மணி நேரம் பிசகாமல் ஓட்டும் திறன் மீண்டிருந்தது. நெடுந்தூரப் பந்தயங்களுக்கு அதுதான் வேண்டும். பிரான்ஸில் 24 மணி நேரம் நடக்கும் லெ மான்ஸ் பந்தயத்தில், 2021-இல் அவருடைய அணியின் கார் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தபடி கடைசிச் சுற்றில் நின்றுபோனது. 2025 ஜூனில் அதே பந்தயத்தில், யிஃபெய் யே, ஃபில் ஹான்சன் ஆகியோருடன் மஞ்சள் நிற ஃபெராரியில் ஒட்டுமொத்த வெற்றியே கிடைத்தது. இறுதிக்கோட்டைக் கடந்தபோது ஸ்டீயரிங் குபிட்சாவின் கையில் இருந்தது.

காயத்தின் விளைவை எப்போதும் இப்படிப் பிரித்தறிய முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். ஃபெராரி அணியின் பிரேசில் ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸ்ஸாவின் தலைக்கவசத்தில் 2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில் முன்னால் சென்ற காரிலிருந்து தெறித்த ஸ்பிரிங் பாய்ந்து மண்டையோடு விரிசல் கண்டது. மறு ஆண்டின் முதல் பந்தயத்திலேயே அவர் இரண்டாம் இடம் பிடித்தார். ஆனால் அதன் பிறகு ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. அடிபட்டதால் வேகம் போனது என்று பலர் எளிதாகச் சொல்கிறார்கள். அவர் திரும்பிய அதே ஆண்டில்தான் ஏற்கெனவே உலகச் சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ சக ஓட்டுநராக ஃபெராரிக்கு வந்தார். விபத்து நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2010 ஜூலை 25 அன்று, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மாஸ்ஸா அணியின் மறைமுக உத்தரவால் அலோன்சோவுக்கு வழிவிட நேர்ந்தது. இதில் எவ்வளவு தலைக்காயம், எவ்வளவு அணி அரசியல் என்று வெளியிலிருந்து கூறுபவர்களை நான் நம்புவதில்லை.

கருவியையே மாற்றிக்கொண்டவர் என்ற வகையில் இத்தாலிய ஓட்டுநர் அலெக்ஸ் ஸனார்டியையும் சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பரில் ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங்கில் இரு கால்களையும் இழந்தவர், 2003-இல் அங்கேயே திரும்பி வந்து, விபத்தால் தாம் முடிக்க முடியாமல் போன பந்தயத்தின் எஞ்சிய 13 சுற்றுகளை ஓட்டி முடித்தார். 2005-இல் ஓஷெர்ஸ்லேபன் தடத்தில் உலக டூரிங் கார் பந்தயம் ஒன்றை வென்றபோது ஆக்சிலரேட்டரைக் கையாலும் பிரேக்கைச் செயற்கைக் காலாலும் இயக்கினார். பின்னாளில் பிஎம்டபிள்யூ பொறியாளர்கள் பிரேக்கையும் கைப்பிடிக்கு மாற்றித் தந்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் செயற்கைக் கால்களை அணியாமலே காரில் ஏறினார்.