கிராஃப் வரையிற லைப்ரரிக்கு ஆளுங்க தொட்டுப் பார்க்கிற மாதிரி எக்ஸாம்பிள் எப்படி போடுறது?

கேள்விய பார்த்துட்டு கம்முனு போக முடியல. கிராஃப்னா இங்க புள்ளிகளும் அதுங்கள இணைக்கிற கோடுகளும் இருக்கிற படம், லைப்ரரின்னா அத வரைய உதவுற ரெடிமேட் புரோகிராம். உங்க டெமோ பேஜ்ல புரோகிராம் கோட மாத்தி ரன் பண்ற வசதி இருக்கு, ஆனாலும் ஆளுங்க வந்து பார்த்துட்டு உடனே போயிடுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. "இதெல்லாம் யாரு பார்க்கப் போறா"ன்னு சொல்லிட்டு யாரோ இந்த வேலைய உங்க தலைல கட்டியிருப்பாங்க, சரிதானே? எனக்கும் அப்படித்தான் வந்துச்சு.

நான் கேஎல்ல (கோலாலம்பூர்) பங்சார் பக்கம் ஒரு கம்பெனில இருக்கேன், பேரு வேணாம். கிராஃப்விஸ்னு, எழுதிக் குடுத்தத படமா வரையிற ஒரு டூல், அத வெப்அசெம்ப்ளியா (பிரவுசர்ல ஓடுற வடிவம்) மாத்தி வச்சு, பிரவுசர்லயே படம் வரையிற மாதிரி ஆபீசுக்குள்ள மட்டும் யூஸ் பண்ற ஒரு சின்ன லைப்ரரி இருந்துச்சு. அதோட எக்ஸாம்பிள் எல்லாம் ஏ, பி, சின்னு மூணு உருண்டை, நடுவுல கோடு, அவ்வளவுதான். பிராக்டிக்கல் (இன்டர்ன்ஷிப்) பண்ண வந்த கிள்ளான் பொண்ணு ஒருத்தி அத திறந்து விளையாடுறத பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தேன். கோட் முதல் வரில கிராஃப்னு இருக்கு, இவ உள்ள அம்புக்குறி போட்டுட்டா. கிராஃப்னா -- தான் போடணும், -> வேணும்னா டைகிராஃப்னு ஆரம்பிக்கணும், தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆனா அங்க படம் மொத்தமா காணாம போச்சு, வெள்ளைப் பெட்டி மட்டும் நிக்குது, எர்ரர் எங்கடான்னா டெவலப்பர் கன்சோல்ல இருக்கு. அவ பயந்து ரிஃப்ரெஷ் அடிச்சா, எழுதினதும் போச்சு. "அண்ணே நான் ஏதோ கெடுத்துட்டேன்"னு சொன்னா பாருங்க, அப்ப வந்துச்சு எனக்கு கோபம், அவ மேல இல்ல.

அதனால நான் முதல்ல தொட்டது எர்ரர் வர்ற இடத்த. தப்பா டைப் பண்ணா கடைசியா சரியா வந்த படம் அப்படியே நிக்கும், கொஞ்சம் மங்கலா தெரியும், கீழ எந்த வரில தப்புன்னு வரும். எழுதினது பிரவுசரோட லோக்கல் ஸ்டோரேஜ்ல சேவ் ஆகும், பக்கத்துல பழையபடி ஆக்குற பட்டன். ஒவ்வொரு எழுத்துக்கும் திரும்ப வரையாம, கை நின்னதும் வரையும். லேஅவுட் கணக்கு (எது எங்க நிக்கணும்ங்கிறது) எல்லாம் வொர்க்கர்ல, அதாவது பேஜுக்குப் பின்னாடி தனியா ஓடும், யாராவது ஆயிரக்கணக்குல நோட் (புள்ளி) ஒட்டிட்டா பேஜ் உறையாது, அந்த வொர்க்கர கொன்னுட்டு புதுசு திறந்துக்கலாம். இத மட்டும் பண்ணாக்கூட உங்க பாதிப் பிரச்சனை தீரும்னு அடிச்சு சொல்வேன்.

அடுத்தது டேட்டா. இங்கதான் எங்க சீனியர் கூட சண்டை. ஏ, பி, சி இருந்தா ஜெனரிக்கா இருக்கும்ங்கிறாரு. ஏ, பி, சில படம் சரியா தப்பான்னு எவனுக்கு தெரியும்? நான் கேஎல் ரயில போட்டேன். கேஎல் சென்ட்ரல், பசார் செனி, மெர்டேக்கா, புக்கிட் பிந்தாங், அங்க இருந்து மோனோரயில்ல இம்பி, ஹங் துவா, மகாராஜாலேலா, துன் சம்பந்தன், மறுபடி கேஎல் சென்ட்ரல். எட்டு ஸ்டேஷன், சுத்தி வந்தா ஒரு வளையம். கிராஃப்விஸ்ல படத்த அடுக்குற விதத்துக்கு எஞ்சின்னு பேரு. இத டாட்ங்கிற எஞ்சின்ல வரைஞ்சா மேல ஒரு ஸ்டேஷன் தலைவர் மாதிரி உக்காந்துக்கும், மத்ததெல்லாம் அடுக்கடுக்கா கீழ தொங்கும். பார்க்கிறவன் உடனே "என்ன லா இது, ரயில் இப்படியா போகுது"ம்பான். டாட் மேல கீழ அடுக்கு இருக்கிற விஷயத்துக்குன்னு அப்பவே மண்டைல ஏறிடும். அதே புரோகிராம் கோட சர்க்கோங்கிற எஞ்சினுக்கு மாத்தினா வட்டமா வந்துடும். எஞ்சின மாத்த ஒரே ஒரு டிராப்டவுன், வேற எதையும் தொட வேணாம். சீனியர் இன்னும் ஒத்துக்கல, ஆனா புதுசா வர்றவங்களுக்கு அந்த பேஜதான் அனுப்புறாரு.

"ஏன், கோட்பென்ல (கோட் எழுதி ஓட்டிப் பார்க்கிற சைட்) போட்டு எம்பெட் பண்ண வேண்டியதுதானே"ன்னு கீழ கமெண்ட் வரும், தெரியும். போடுங்க, தப்பில்ல. எங்க ஆபீஸ் நெட்வொர்க்ல வெளி ஐஃப்ரேம் (பேஜுக்குள்ள ஒட்டுற வேற சைட்டோட பேஜ்) பாதி திறக்காது, அதனால நாங்க போடல. "டாக்குமெண்ட் படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு எக்ஸாம்பிள்"னு வர்ற ஆளுக்கு நான் பதில் சொல்றதா இல்ல.

ரயில்னதும் ஒன்னு சொல்லியே ஆகணும். கேஎல் சென்ட்ரல்ல இறங்கி மோனோரயிலுக்கு போகணும்னா ஒரு மால் உள்ள புகுந்து வெளிய வரணும், மேப்ல ஒரே ஸ்டேஷன் மாதிரி இருக்கும். நான் அத புள்ளிக் கோடா போட்டேன். அது கூட பரவால்ல, அம்மாவ முட்டி வலியோட கூட்டிட்டுப் போனப்ப, எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன், லிஃப்ட்ல "ரோசாக்"னு (மலாய்ல பழுதுன்னு அர்த்தம்) பேப்பர் ஒட்டியிருக்கு, அடுத்த தடவை போனா அதே பேப்பர் மஞ்சளாயி தொங்குது. வயசானவங்க ரயிலே ஏறக்கூடாதா? யார்கிட்ட சொன்னாலும் ஃபாரம் ஃபில் பண்ணுங்கறான்.

சரி விடுங்க. இன்னொன்னு, லைப்ரரி வெர்ஷன எண் போட்டு பூட்டுங்க. டி3ன்னு ஒரு படம் வரையிற லைப்ரரி, அதோட பழைய எக்ஸாம்பிள் எத்தனையோ இன்னிக்கு ஓடாது, 2016ல நாலாம் வெர்ஷன் வந்தப்ப ஃபோர்ஸ் லேஅவுட் (புள்ளிங்க ஒன்ன ஒன்னு தள்ளி இழுத்து தானா இடம் பிடிக்கிறது) கூப்பிடுற விதமே மாறிடுச்சு. லேட்டஸ்ட்னு லிங்க் குடுத்தீங்கன்னா ஒரு நாள் காலைல எல்லா டெமோவும் செத்துக் கிடக்கும். எக்ஸாம்பிள் எல்லாத்தையும் டெஸ்ட்டோட சேர்த்து ஓட்டிடுங்க.

தமிழ்ல லேபிள் போடுறவங்க கவனிங்க. பிரவுசர்ல ஓடுற கிராஃப்விஸ்ஸுக்கு எழுத்தோட உண்மையான அகலம் தெரியாது, குத்துமதிப்பா கணக்கு போடும், தமிழ் எழுத்துக்கு அந்தக் கணக்கும் இல்லாம ஸ்பேஸ் அகலத்த எடுத்துக்கும். பெட்டி ஒரு அளவு, எழுத்து ஒரு அளவுன்னு நிக்கும். நாங்க பிரவுசர்லயே அளந்து அகலத்த கையால குடுத்தோம்.

நீங்க எந்த லைப்ரரின்னு சொல்லவே இல்லையே. விஸ் நெட்வொர்க்னா ரேண்டம்சீட் (தொடக்க இடத்த நிலையா வைக்கிற எண்) ஒன்னு குடுத்துடுங்க, இல்லன்னா ரிஃப்ரெஷ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் வேற படம் வரும், பார்க்கிறவன் தான் பண்ண மாத்தம்தான் காரணம்னு நினைச்சுக்குவான். சைட்டோஸ்கேப் ஜேஎஸ்னா படம் வர்ற டிவ்வுக்கு (பேஜ்ல இருக்கிற பெட்டி) உயரம் குடுத்திருக்கீங்களான்னு பாருங்க, ஜீரோவா இருந்தா எர்ரரே இல்லாம வெறும் பேஜ்தான் தெரியும். அப்புறம் எதுவா இருந்தாலும் மவுஸ் வீல் ஸூம எக்ஸாம்பிள்ல ஆஃப் பண்ணி வைங்க, பேஜ ஸ்க்ரோல் பண்ணப் போனவன் படத்துக்குள்ள மாட்டிக்கிறான்.