மலை வண்டி: வாசகர் கேள்வி, பதில்

கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் நிறைய. எஸ்டேட் ஜீப், யெஸ்டி, புல்லட், ஒரு அம்பாசிடர் என்று எல்லாம் உண்டு. எல்லாரையும் சேர்த்து ஒரு குழு தொடங்க ஆசை. பெயர், ஸ்டிக்கர், டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமை ரைடு என்று பேச்சு ஓடுகிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அண்ணா? சங்கமாகப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?
- ஓர் இளைஞர், கட்டபெட்டு

பதில்: தம்பி, ஸ்டிக்கரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தை வியூ பாயின்ட்டில் வைக்காதீர்கள், ஒரு பட்டறையில் வையுங்கள். யாராவது ஒருவருடைய வண்டி அங்கே பிரித்துக் கிடக்கட்டும். அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி, வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த வருஷ மாடல், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் என்ன, அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டின் நம்பர் என்ன, எந்த ஸ்பேர் எந்த ஊர்க் கடையில் கிடைத்தது, வேலை பார்த்தது யார், எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். உங்கள் குழுவுக்கு அந்த நோட்டுதான் சொத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலையில் ஓடும் வண்டியின் சங்கதி வேறு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் கார்புரேட்டர் வண்டி தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. காற்று குறைந்தாலும் ஜெட் அதே அளவு பெட்ரோலைத்தான் விடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனையைச் சுற்றி மைபோல் கரி அப்பியிருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்காது. இதைப் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் போச்சு என்று சொல்லி இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் வேலை செய்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்திருந்தால் போதும், வண்டி சரியாகியிருக்கும்.

அதே வண்டியைக் கோயம்புத்தூருக்கு இறக்கி விரட்டினால் கதை திரும்பிவிடும். அங்கே காற்று அதிகம், சின்ன ஜெட் விடும் பெட்ரோல் பற்றாது, பிஸ்டன் சூடேறிவிடும். அதனால் மேலே என்ன ஜெட், கீழே என்ன ஜெட் என்று இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். ஜெட்டின் பித்தளைத் தலையில் நம்பர் பொடியாகப் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

யெஸ்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டு வந்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் பெட்ரோலோ துளிதான். ஆயிலும் அவ்வளவுதான். நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்வது இப்படித்தான். நேரான இடம் வரும்போதெல்லாம் கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி விடுங்கள். மைசூரில் இந்த வண்டியைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. இப்போது அதே பெயரில் வருபவை ஃபோர் ஸ்ட்ரோக், அதன் சாமான் இதற்குச் சேராது. அம்பாசிடரும் 2014-ல் நின்றுவிட்டது. கம்பெனி கைவிட்ட பிறகு இந்த வண்டிகளுக்கு மிச்சமிருப்பது பழைய டிரைவர்கள், எஸ்டேட் மெக்கானிக்குகள் ஆகியோரின் கைவேலையும் ஞாபகமும்தான். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. மாதம் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச விடுங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். சால்வையோடு அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

ஜீப்காரர் தனி, பைக்குக்காரர் தனி என்று பிரியாதீர்கள். இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் புல்லர், இன்ஜின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் போன்ற சாமான்களை ஆளுக்கு ஆள் வாங்கத் தேவையில்லை. ஒரு செட் வாங்கி ஒரே இடத்தில் வைத்து, எடுப்பவர் கையெழுத்துப் போடட்டும்.

பதிவு விஷயம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் இருந்தாலே பதிவு செய்யலாம். ஆனால் அவசரம் இல்லை. சந்தா, பொதுப் பணம் என்று வரும்போது செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் இரண்டு விதிகளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒன்று, சைலன்சரை மாற்றிய வண்டிக்கு இடமில்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம் ஊரில் ராத்திரி எவ்வளவு அமைதி, அதில் அந்தச் சத்தம் எத்தனை வீட்டை எழுப்பும்! இன்னொன்று, ரோட்டில் ரேஸ் கிடையாது. வேகம் வேண்டும் என்பவரைக் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அனுப்புங்கள், அது அதற்கென்றே கட்டிய தடம்.

ரைடு போகும்போது நான்கைந்து வண்டியாகப் பிரிந்து போங்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் இருபது வண்டி வரிசையாக நின்றால் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் திரும்ப இடமிருக்காது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். இது விதியிலேயே இருக்கிறது. வெளியூர் நண்பர்கள் வருவதாக இருந்தால் இ-பாஸை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். நீலகிரியில் பதிவான நம் டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை.

கேள்வி: தாத்தா வாங்கிய 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வீட்டில் ஓடுகிற நிலையில் இருக்கிறது. விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: செய்யலாம் அம்மா, தகுதி இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு இது உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் என்று பதிவானால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிறு காலையில் மார்க்கெட்டுக்கோ, பேரனை உட்கார வைத்து சிம்ஸ் பார்க்குக்கோ எடுத்துப் போக முடியாது.

உங்கள் வண்டி ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் சாதாரணப் பதிவை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள் என்பேன். சென்னையில் தயாரான வண்டி, இத்தனை வருஷம் இந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அதை ஷெட்டில் மூடி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆர்சி புத்தகத்தில் தாத்தா பெயரே இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும், நாள் பிடிக்கும்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது பர்லியாறு வருவதற்குள் பிரேக் கருகும் வாடை. பெடல் வேறு பஞ்சுபோல் அமுங்கியது. காரில் என்ன கோளாறு?
- வாசகர், திருப்பூர்

பதில்: வாடை மட்டும் என்றால் ஓட்டிய விதம். ஏறுவதற்கு எந்த கியர் போட்டீர்களோ, இறங்கவும் அதே கியர்தான். பெரும்பாலும் செகண்ட். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், அழுத்தமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். நியூட்ரலில் இறங்குவதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

பெடல் அமுங்குவதுதான் எனக்குக் கவலை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரக ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறியதற்கு 140 டிகிரியே அதிகம், கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் நீங்கள் மிதிப்பது அந்த ஆவியைத்தான். உடனே ஓரங்கட்டி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், ஊற்றாதீர்கள். ஊருக்குப் போனதும் லைனிங்கைப் பார்த்து, ஆயிலை முழுசாக மாற்றுங்கள். சீல் பிரிக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பட்டறையில் பாதி தீர்ந்து கிடக்கும் டப்பா வேண்டாம், அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும்.