மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பெருமூளை வாதம். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். 2 மாதமாக பாக்லோபென் மாத்திரை, அரை அரையாக 3 வேளை கொடுக்கிறேன். கால் இளகியிருக்கிறது. ஆனால் பள்ளியில் தூங்கி வழிகிறான். மாமியார் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்திவிட்டு ஊசி போடலாமா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வேலூரில் 20 வருடத்துக்கு மேலாக பிசியோதெரபிஸ்டாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு சிரசுத் திருவிழா சமயத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. திருவிழா முடியட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். 3-ஆம் நாள் உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் கொதித்து, சுவரில் இல்லாத பூச்சியைக் காட்டி அலறியிருக்கிறான். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வந்தார்கள். சில பிள்ளைகளுக்கு வலிப்பே வந்துவிடும். தண்டுவடத்தில் தசையை முறுக்கும் சைகைகளை இந்த மருந்து அடக்கி வைக்கிறது. சட்டென்று எடுத்தால் அடங்கியிருந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு வாரத்து மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

தூக்கம் இந்த மருந்தில் சகஜம். அளவைக் குறைக்கவோ, பகல் வேளையைக் குறைத்து இரவில் கூட்டவோ டாக்டரால் முடியும். வலிப்பு மருந்தும் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மந்தமாக இருக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

அரை மாத்திரையை எப்படி உடைக்கிறீர்கள்? ஒரு அம்மா கரண்டிக் காம்பால் அழுத்தி உடைத்ததைப் பார்த்தேன். ஒரு பக்கம் முக்கால், மறுபக்கம் தூள். காலையில் முக்கால் துண்டு உள்ளே போனால் பிள்ளை வகுப்பில் தூங்கத்தானே செய்யும்? மாத்திரை வெட்டும் சின்ன டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

ஊசி என்று நீங்கள் கேட்பது போடாக்ஸாக இருக்கும். மாத்திரை உடம்பு முழுக்க வேலை செய்யும். இது போட்ட தசையில் மட்டும். காலைப் பின்ன வைக்கும் உள்தொடைத் தசைக்கு நல்ல பலன் உண்டு. 2 வாரத்துக்குள் இளகுவது தெரியும், 3, 4 மாதத்தில் வேகம் போய்விடும். அந்த மாதங்களில் நீட்டிவிடும் பயிற்சியும், காலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளின்டும் விட்டுப்போனால் போட்ட ஊசி வீண். மாத்திரையோடு சேர்த்தும் போடுவார்கள்; ஒன்றை விட்டுத்தான் மற்றது என்றில்லை.

இன்னொன்று. திடீரென்று இறுக்கம் கூடினால் மருந்து போதவில்லை என்று நினைக்காதீர்கள். மலச்சிக்கல் இருக்கிறதா, ஸ்பிளின்ட் எங்காவது புண்ணாக்கியிருக்கிறதா, கால் நகம் உள்ளே வளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

மாத்திரை கொடுத்த நேரம், தூங்கிய நேரம், நிற்கும்போது முழங்கால் மடிந்து விழுகிறானா என்பதை ஒரு வாரம் எழுதி எடுத்துப் போங்கள். கொஞ்சம் இறுக்கத்தை வைத்துத்தான் சில பிள்ளைகள் நிற்கவே செய்கிறார்கள். அதையும் இளக்கிவிட்டால் நிற்பது போய்விடும். மாமியாரையும் கூட்டிப் போங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.