இஎல்எல் பட்டியலை விட்டு வெளியே வந்த மகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டா?

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் அரசுப் பள்ளியில் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் கற்போருக்கு மாநிலம் நடத்தும் நைசெஸ்லாட் தேர்வில் 2024இல் ‘கமாண்டிங்’ என்ற மிக உயர்ந்த நிலை பெற்றதால் ஆங்கிலம் கற்போர் (இஎல்எல்) பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 ஜூனில் வரும் ரீஜன்ட்ஸ் (உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான மாநிலப் பாடத்தேர்வு) தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டோம். “அவள் இப்போது இஎல்எல் இல்லையே” என்று மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மறுத்ததற்குச் சொன்ன காரணம் தவறு. மாநிலக் கல்வித் துறை விதிப்படி, வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை ‘முன்னாள் இஎல்எல்’ மாணவருக்குச் சலுகைகள் தரலாம். உங்கள் மகளுக்கு அவை 2024-25, 2025-26 கல்வியாண்டுகள். ஜூன் தேர்வு அதற்குள் வருகிறது.

ஆனால் விதியில் இருப்பது ‘தரலாம்’ என்ற சொல். முடிவு முதல்வர் கையில். அதனால் சட்டம் பேசுவதைவிட ஆதாரம் காட்டுவதே பலன் தரும். நீளமான கேள்விகளில் அவள் எங்கே தடுமாறுகிறாள், நேரம் போதாமல் எத்தனை கேள்விகளை விட்டுவிடுகிறாள் என்று பாட ஆசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். அதையும் நைசெஸ்லாட் மதிப்பெண் அறிக்கையையும் இணைத்து, வெளியேறிய ஆண்டைக் குறிப்பிட்டு, முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மகளின் கோப்பைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் காட்டப் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் இருப்பதால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எதைக் கேட்பது என்பதையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை மணி நேரம் கேட்கலாம். தனி அறையும் இருமொழி அகராதியும் கேட்கலாம். அகராதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: சொல்லுக்குச் சொல் மட்டுமே இருக்க வேண்டும். விளக்கம் தரும் அகராதிக்கும் மின்னணு அகராதிக்கும் அனுமதி இல்லை. கணிதம், அறிவியல் போன்ற தேர்வுகளில் தமிழில் வாய்மொழிபெயர்ப்பும் கேட்கலாம். ஆங்கிலத் தேர்வில் அது கிடையாது.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே ஆங்கிலம் கற்போருக்கான உதவி, தேர்வு எழுதும்போதும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான்.

வாசிப்புக் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அது வேறு வழி. குறைபாடு உள்ள மாணவருக்குப் பள்ளி தரும் உதவிகளுக்கான 504 திட்டத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். இந்த இரண்டு ஆண்டுக் கெடு அதைக் கட்டுப்படுத்தாது.

கூட்டத்துக்கு அழைத்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்யும்படி முன்கூட்டியே கேளுங்கள். மகளையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவளைப் பற்றிய பேச்சில் அந்தப் பாரம் அவள்மேல் விழக்கூடாது.